பெட்டியை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

திருச்சானூரில் பத்மாவதித் தாயாருக்குக் கார்த்திகை பிரம்மோற்சவம் நடக்கும் நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வலுத்துப் பெய்யும். பஞ்சமி தீர்த்த நீராடலுக்குக் கூட்டம் சேரும் முன் சாலைப் பள்ளங்களை நிரப்ப வேண்டும், வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும், வண்டிகள் நிற்க நிலத்தைச் சமன் செய்ய வேண்டும். 2021 நவம்பரில் சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் திருமலையின் இரண்டாவது மலைப்பாதையில் பாறைகள் சரிந்து சாலை உடைந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் ஜேசிபியும் பொக்லைனும் இல்லாமல் எந்த வேலையும் நகராது. இந்த வட்டாரம் அவற்றைப் பயன்படுத்துவதோடு நிற்கவில்லை, உற்பத்தியும் செய்கிறது. திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் கோபெல்கோ எக்ஸ்கவேட்டர்களைத் தயாரிக்கிறது. எல்லை தாண்டினால் திருவள்ளூரில் கேட்டர்பில்லர் ஆலை இருக்கிறது. 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை சித்தூர் மாவட்டத்தைக் கடந்து செல்கிறது. சித்தூரிலிருந்து தச்சூருக்கு ஆறுவழிச் சாலை வேலையும் உண்டு. கிரானைட் குவாரிகளைச் சொல்லவே வேண்டாம். கடன் வாங்கி ஒரே ஒரு இயந்திரம் வைத்து, மணிக்கணக்கு வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்கள் இங்கே ஏராளம்.

அப்படிப்பட்ட இயந்திரம் ஒருநாள் நடுவேலையில் மந்தமாகிறது. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் டிஸ்ப்ளேயில் ஆர்.பி.எம். பூஜ்யம். பூம் தூங்கி வழிகிறது. ஆக்சிலரேட்டர் டயலைத் திருப்பினாலும் சத்தத்தில் மாற்றமில்லை. திரையில் ஓர் எரர் கோடு மின்னுகிறது. வந்து பார்ப்பவர் பல நேரம் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “ஈசிஎம் போயிடுச்சு, மாத்தணும்.” ஈசிஎம் என்பது இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டி. அதன் விலை இலட்சக்கணக்கில் போகக்கூடும். மாற்றிய பிறகும் அதே கோடு வந்தால் போன பணம் போனதுதான். மின்னணு உதிரிப்பாகங்களைப் பொதுவாக யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. இந்த வழக்கத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெட்டிகளுக்கிடையே பேச்சு அறுந்துபோகும் கோளாறுகளில் பெட்டியைச் சந்தேகிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். வயர், கனெக்டர், பேட்டரி, எர்த் ஆகியவற்றை அளந்து பார்ப்பது முதல் வேலை. இதற்கு உரிய காரணம் அந்தப் பேச்சு நடக்கும் முறையிலேயே இருக்கிறது.

பழைய இயந்திரங்களில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வயர் ஓடியது. சென்சார்கள் பெருகப் பெருக வயர்க்கட்டு தடித்துக்கொண்டே போனது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் இதற்கு மாற்று தேடத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் ‘கேன்’ என்ற முறையை வெளியிட்டது. இரண்டே வயர்கள். எல்லாப் பெட்டிகளும் அதிலேயே பேசும், அதிலேயே கேட்கும். கார்களுக்காகப் பிறந்த இந்த முறையின் மேல், லாரிகளுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் பொதுவான பேச்சு விதிகளை அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்தது. அதன் பெயர் ஜே1939. இன்று ஒரு எக்ஸ்கவேட்டரில் இன்ஜின் பெட்டி, ஹைட்ராலிக் பம்பை ஆளும் பெட்டி, கேபின் டிஸ்ப்ளே, இருப்பிடத்தை அலுவலகத்துக்குச் சொல்லும் டெலிமேட்டிக்ஸ் பெட்டி எனப் பலவும் இந்த வகை லைனில் தொங்குகின்றன. சில இயந்திரங்களில் இரண்டு மூன்று தனித்தனி லைன்களும் உண்டு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் பெட்டி தன் வேகத்தை யாருக்கென்று குறிப்பிடாமல் நொடிக்குப் பலமுறை பொதுவாக அறிவிக்கிறது. தேவைப்படும் பெட்டி அதை எடுத்துக்கொள்கிறது. எடுக்க வேண்டிய செய்தி குறித்த நேரத்தில் வராவிட்டால், கேட்கும் பெட்டிக்குத் தெரிவது ‘வரவில்லை’ என்பது மட்டுமே. ஏன் வரவில்லை என்று அறிய அதற்கு வழியே இல்லை.

எரர் கோடுகளை வாசிக்கும்போது மறக்கக் கூடாதது இதுதான். ஜே1939 கோடுக்கு இரண்டு பகுதிகள். எஸ்.பி.என். எண் எதைப் பற்றிய புகார் என்று சொல்லும்: 100 என்றால் இன்ஜின் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பம், 190 என்றால் இன்ஜின் வேகம், 639 என்றால் பேச்சு லைனே. எஃப்.எம்.ஐ. எண் என்ன மாதிரியான கோளாறு என்று சொல்லும்: 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் சர்க்யூட் அறுந்திருக்கலாம், 9 என்றால் செய்தி வரவேண்டிய வேகத்தில் வரவில்லை, 19 என்றால் லைனில் வந்த தகவல் பிழையானது. 3, 4, 5 என்பவை ஒரு சென்சாரையும் அதன் வயரையும் நோக்கிக் கை காட்டுகின்றன. 9, 19 ஆகியவற்றின் கதை வேறு. டிஸ்ப்ளே ‘இன்ஜின் வேகம் வரவில்லை’ என்று கோடு போட்டால், அது புகார் மனு. இன்ஜின் பெட்டி பேசாமல் இருந்திருக்கலாம், பேசியது வழியில் அறுந்திருக்கலாம், டிஸ்ப்ளேக்கே காது அடைத்திருக்கலாம். கோடில் பெயர் வந்ததற்காக ஒரு பெட்டியைக் கழற்றுவது, புகார் கொடுக்க வந்தவரையே பிடித்து உள்ளே போடுவதற்குச் சமம்.

அப்படியானால் உண்மையை எப்படிக் கறப்பது? ஒரு கோடை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராமல், எல்லாப் பெட்டிகளின் புகார்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பம்ப் பெட்டி, டிஸ்ப்ளே, டெலிமேட்டிக்ஸ் மூன்றும் ‘இன்ஜினிடமிருந்து செய்தி இல்லை’ என்று சொல்லி, தமக்குள் நன்றாகப் பேசிக்கொண்டும் இருந்தால், முதன்மை லைன் நலமாக இருக்கிறது. கோளாறு இன்ஜின் பெட்டிக்குப் பிரியும் கிளை வயரிலோ, அதற்கு வரும் மின்சாரத்திலோ, அதன் எர்த்திலோ, இவையெல்லாம் சரியென்றால் மட்டும் அந்தப் பெட்டியிலோ இருக்க வேண்டும். எல்லாரும் எல்லாரையும் காணவில்லை என்றால், முதன்மை லைனே எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. ஒரு பக்கத்துப் பெட்டிகள் தமக்குள்ளும் மறுபக்கத்துப் பெட்டிகள் தமக்குள்ளும் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டு, இரு பக்கத்துக்கும் தொடர்பு மட்டும் இல்லையென்றால், அறுந்த இடம் நடுவில். ஒரு காகிதத்தில் பெட்டிகளை வரிசையாக வரைந்து, யார் யாரைக் காணவில்லை என்கிறார் என்று கோடிழுத்தால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். இதற்கு லேப்டாப் தேவையில்லை. சர்வீஸ் மெனுவில் கோடுகளைக் காட்டும் டிஸ்ப்ளேயும் பொறுமையும் போதும்.

பெட்டி செத்துவிட்டது என்ற முடிவு ஏன் இவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது என்பதற்கும் கேன் முறையின் அமைப்பே விளக்கம் தருகிறது. ஒவ்வொரு பெட்டியும் தன் பிழைகளைத் தானே எண்ணிக்கொண்டிருக்கும். அனுப்பிய செய்தி பிழையானால் கணக்கில் 8 கூடும். சரியாகப் போனால் 1 குறையும். கணக்கு 255ஐத் தாண்டினால் அந்தப் பெட்டி லைனிலிருந்து தானே விலகி வாய் மூடிக்கொள்ளும். கெட்டுப்போன ஒரு பெட்டி மற்றவர்களின் பேச்சையும் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் பெட்டி நன்றாக இருந்து, அதன் கனெக்டரில் ஒரு பின் தளர்ந்திருந்தாலும் இதே கதிதான். அதிர்வில் பின் ஆட, பிழைகள் ஏற, பெட்டி மௌனமாகிறது. சாவியை அணைத்துப் போட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், இயந்திரம் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது’ என்று பல ஆபரேட்டர்கள் சொல்வதில் இப்படியான ஒரு தடயம் இருக்கக்கூடும். சாவியைத் திருப்பியதும் உயிர் பெறும் பெட்டியைப் பழுது என்று சொல்ல நிறைய ஆதாரம் வேண்டும். அதைப் பேசவிடாத வயரைத் தேடுவதே அறிவுடைமை.

தேடலின் முதல் அளவு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கேன் லைனின் இரு முனைகளிலும் தலா 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். முனையில் மோதித் திரும்பும் சிக்னல் பேச்சைக் குழப்பாமல் இருப்பதற்காக. இரண்டும் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் லைனின் இரு வயர்களுக்கிடையே மல்டிமீட்டர் 60 ஓம் காட்ட வேண்டும். பல கனரக இயந்திரங்களின் கேபினில் வட்ட வடிவ ஒன்பது பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் சி என்று குறித்த பின் ‘ஹை’ வயர், டி என்பது ‘லோ’ வயர், ஏ என்பது எர்த், பி என்பது பேட்டரி. பேட்டரி ஐசொலேட்டரை அணைத்துச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். சாவி அணைந்த பிறகும் சில பெட்டிகள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். லைனில் மின்சாரம் இருக்கும்போது ஓம் அளவு பொய் சொல்லும். பிறகு மீட்டரின் ஒரு முனையைச் சி-யிலும் மறுமுனையை டி-யிலும் வையுங்கள். 60க்கு அருகே வந்தால் முதன்மை லைன் அந்த நேரத்துக்கு முழுமையாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் காணாமல் போயிருக்கிறது, இல்லையேல் லைன் நடுவே அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். உள்ளேயே ரெசிஸ்டர் கொண்ட தவறான பெட்டியை மாற்றிப் போட்டாலும் இப்படி ஆகும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன.

கோளாறு இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிக்க லைனைப் பாதியாகப் பிரிப்பது சிறந்த வழி. நடுவில் உள்ள ஒரு கனெக்டரைக் கழற்றினால் ஒவ்வொரு பாதியிலும் ஒரு ரெசிஸ்டர்தான் மிஞ்சும். எனவே இரு பக்கமும் 120 காட்ட வேண்டும். எந்தப் பக்கம் காட்டவில்லையோ அங்கே மறுபடி பாதியாகப் பிரித்துப் போகலாம். சில இயந்திரங்களில் முனை ரெசிஸ்டர் இன்ஜின் பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதைக் கழற்றிவைத்து அளந்தால் 120 வருவது இயல்பு, அதை வைத்துப் புதிய கோளாறைக் கற்பனை செய்யக் கூடாது. அடுத்து சாவியைப் போட்டு வோல்டேஜ். லைன் சும்மா இருக்கும்போது இரண்டு வயரும் ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். பேசும்போது ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். மல்டிமீட்டர் இதன் சராசரியைத்தான் காட்டும் என்பதால் ஹை 2.5க்குச் சற்று மேலும் லோ சற்றுக் கீழும் தெரியும். ஒன்றில் பேட்டரி வோல்டேஜே வந்தால் அது மின்சார வயரைத் தொட்டிருக்கிறது. பூஜ்யம் வந்தால் பாடியைத் தொட்டிருக்கிறது. செய்தி என்பது இரு வயர்களுக்கிடையேயான வித்தியாசம். வெளிக் குறுக்கீடு இரண்டையும் ஒரே அளவில் தாக்கினால் வித்தியாசம் மாறாது. வயர்களை முறுக்கிப் போட்டிருப்பது இதற்காகத்தான். அறுந்த இடத்தில் இரண்டு நேர்வயரைச் சேர்த்து டேப் சுற்றிவிடுகிற ரிப்பேர் அன்றைக்கு வேலை செய்யும். இந்தப் பாதுகாப்பை மட்டும் அந்த நீளத்துக்கு இழந்துவிடும்.

லைன் சரியாக இருந்தும் ஒரு பெட்டி மட்டும் பேசவில்லையென்றால் அடுத்த கேள்வி அதன் சாப்பாட்டைப் பற்றியது. பெட்டிக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் இயந்திரம் இயங்கும்போதே அளக்க வேண்டும். அணைத்துவைத்து அளந்தால் துருப்பிடித்த எர்த்தும் நல்லதாகத் தெரியும். பெட்டியின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே, கரண்ட் ஓடும்போது மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பார்க்கலாம். ஸ்டார்ட் செய்யும் நொடியில் வயதான பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்பதும் முக்கியம். அந்த இறக்கத்தில் ஒரு பெட்டி அணைந்து மறுபடி விழித்தால், மற்ற பெட்டிகள் உடனே ‘காணவில்லை’ என்று கோடு போட்டுவிடும். பேட்டரி டெர்மினலை இறுக்கினால் தீரக்கூடிய கோளாறு இப்படிப் பேச்சுக் கோளாறாக வேடம் போட்டு வரும்.

வயரும் கனெக்டரும்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவை என்று சொல்ல, இந்த இயந்திரங்கள் வாழும் வாழ்க்கையே சாட்சி. பெட்டியின் உட்புறம் மூடி முத்திரையிட்டது. வெளியே ஓடும் வயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டிய எக்ஸ்கவேட்டரில் நாள் முழுக்க நடுக்கம். கிளிப் கழன்ற வயர்க்கட்டு இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் உரியும். கோடையில் 40 டிகிரி தாண்டும் வெயிலும் இன்ஜின் சூடும் பிளாஸ்டிக்கை இறுக்கி உடைக்கும். அதன்மேல் கார்த்திகை மழை. வாட்டர் சர்வீஸ் என்று உயர் அழுத்தத் தண்ணீரைக் கனெக்டரின்மேலேயே பீய்ச்சுவதால் ரப்பர் சீலைத் தாண்டி ஈரம் நுழையும். பின்களில் பச்சைப் பூஞ்சைபோல் உப்பு படியும். வயல் ஓரத்தில் பல நாள் நின்ற வண்டியில் எலி வேலை பார்த்திருக்கும். பக்கெட் பல்லையோ பூம் விரிசலையோ சைட்டிலேயே வெல்டிங் செய்யும்போது பேட்டரியைக் கழற்றாமல், எர்த் கிளாம்பை எங்கோ தூரத்தில் மாட்டினால், வெல்டிங் கரண்ட் எர்த் வயர்கள் வழியாகவும் பெட்டிகள் வழியாகவும் பாதை தேடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைப் பிரிக்கச் சொல்லித் தயாரிப்பாளர்கள் கையேட்டில் எச்சரிப்பது இதற்காகத்தான். கடைசியாக, வெளியிலிருந்து வாங்கி மாட்டும் டிராக்கர்கள். கேன் வயரின் தோலைச் சீவி அதில் ஒரு நீள வயரை முறுக்கிச் சேர்த்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. முதன்மை லைனிலிருந்து பிரியும் கிளைகளுக்கு ஜே1939 நீள வரம்பு வைத்திருக்கிறது, வகையைப் பொறுத்து 1 மீட்டர் அல்லது 3 மீட்டர். இந்தத் திடீர்க் கிளைகள் எந்த வரம்பையும் கேட்பதில்லை.

அளந்து பார்க்கும் இந்த முறைக்கு முதல் மறுப்பு கம்பெனி சர்வீஸ் பக்கமிருந்து வரும்: மல்டிமீட்டரை வைத்து இன்றைய இயந்திரத்தைப் பார்க்க முடியாது, கம்பெனி சாஃப்ட்வேர் ஏற்றிய லேப்டாப் வேண்டும் என்று. இதில் உண்மை இருக்கிறது. புதிய பெட்டிக்கு அந்த இயந்திரத்தின் விவரங்களை ஏற்றுவதற்கும், பம்பை அளவுத்திருத்தம் செய்வதற்கும், ஓடும்போது நூற்றுக்கணக்கான அளவுகளை ஒரே திரையில் பார்ப்பதற்கும் லேப்டாப்தான் வழி. ஆனால் லேப்டாப்பும் அதே கேன் லைன் வழியாகத்தான் பெட்டிகளிடம் பேசுகிறது. லைனே அறுந்திருந்தால் அதன் திரையிலும் ‘தொடர்பு இல்லை’ என்பதற்கு மேல் எதுவும் வராது. அந்த இடத்தில் பொறியாளரும் பையைத் திறந்து மீட்டரைத்தான் எடுப்பார். இரண்டும் வெவ்வேறு கட்டத்துக் கருவிகள், முதல் கட்டத்தை லேப்டாப் வரும்வரை தள்ளிவைக்கக் காரணமில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நின்ற இடத்தில் 60 ஓம் காட்டும் லைன், பூம் தூக்கும்போதோ மதிய வெயிலில் சூடேறும்போதோ மட்டும் அறுந்தால் மீட்டர் எப்படிப் பிடிக்கும்? நல்ல ரீடிங் லைனின் நலத்துக்கு முழு உத்தரவாதம் தராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு கிளை வயர் அறுந்தாலும் முதன்மை லைன் 60தான் காட்டும். நொடியின் சிறு பகுதியில் வந்து மறையும் கோளாறை ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்ப்பதே சரி. ஆயினும் அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. மீட்டரைச் சி, டி பின்களில் மாட்டிவைத்து, ஒருவர் வயர்க்கட்டை அங்குலம் அங்குலமாக ஆட்ட, இன்னொருவர் எண்ணைக் கவனிக்கலாம். 60 துள்ளும் இடத்தில் கை நிற்கட்டும். ஜே1939 கோடோடு அது எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையும் கூடவே பதிவாகும். ஒரே ஒருமுறை வந்த கோடையும் நூறுமுறை வந்த கோடையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, எந்த நேரம், எவ்வளவு சூடு, பூம் எந்த நிலை, முந்தின நாள் மழையா, வாட்டர் சர்வீஸா என்று ஆபரேட்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு வரும் கோளாறில் இந்தக் குறிப்புதான் தேடலுக்குத் திசை காட்டும்.

மூன்றாவது மறுப்பு காசுக் கணக்கு. வாடகை மணிக்கணக்கில் போகிறது, காண்ட்ராக்டர் கத்துகிறார், அளந்துகொண்டிருக்க நேரமில்லை, பெட்டியை மாற்றி ஓட்டு. இந்த அவசரம் நியாயமானது, ஆனால் அது காட்டும் முடிவு தவறு. அணைத்து, காத்து, ஓம் பார்த்து, வோல்ட் பார்க்கக் கால்மணி அரைமணி ஆகலாம். புதிய பெட்டியை வரவழைத்து, விவரம் ஏற்றி மாட்டுவதற்கு நாட்கள் ஆகலாம். மாற்றிய பிறகு கோளாறு தீர்ந்ததாகத் தெரிந்தாலும் ஏமாறக் கூடாது: பெட்டியை மாற்றும்போது கனெக்டர் கழன்று மறுபடி இறுக்கமாக உட்காருகிறது, அழுக்கடைந்த பின் தேய்ந்து சுத்தமாகிறது. குணமாக்கியது கனெக்டரை அசைத்ததா, புதுப் பெட்டியா என்று யாருக்கும் தெரியாமலே பில் கட்டப்படுகிறது. சில வாரத்தில் அதே கோடு திரும்பும்போதுதான் விஷயம் வெளிவரும். பெட்டிகள் பழுதாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெல்டிங் கரண்டிலும், தவறான ஜம்ப் ஸ்டார்ட்டிலும், உள்ளே தண்ணீர் புகுந்தும் அவை உண்மையிலேயே சாகும். மின்சாரம் சரி, எர்த் சரி, கிளை வயர் சரி, முதன்மை லைன் சரி என்று அளவோடு நிரூபித்த பிறகும் பெட்டி பேசாவிட்டால் அதை மாற்றலாம்.

பழைய மெக்கானிக்குகள் சொல்வது நான்காவது மறுப்பு: இந்தத் தொல்லையே வேண்டாம், கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியே தேவலாம். அதன் ஆதங்கம் புரிகிறது. ஆனால் சாலையில் ஓடும் சக்கரக் கட்டுமான வாகனங்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் ‘சி.இ.வி. நிலை 4’ புகை விதிகளும், 2025 ஜனவரி 1 முதல் நிலை 5 விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. இன்ஜினின் டீசல் தெளிப்பையும் புகை சுத்திகரிப்பையும் மின்னணுக் கட்டுப்பாடு இல்லாமல் இந்த அளவுக்குள் கொண்டுவருவது நடைமுறையில் ஆகாத காரியம். சென்சாரைத் துண்டித்து, பெட்டியை ஏமாற்றி ஓட்டுவது புகையையும் கூட்டும். அடுத்த கோளாறில் எது உண்மைக் கோடு, எது ஏமாற்று வேலையால் வந்த கோடு என்று பிரிக்கவும் முடியாமல் செய்யும். அதோடு, ஆயில் அழுத்தம் இறங்கினால் இன்ஜினைக் காப்பாற்ற வேகத்தைக் குறைப்பதும், கோளாறின் பதிவை விட்டுவைப்பதும் இதே பெட்டிகள்தாம். பழைய வண்டி கோடு காட்டாமல்தான் கெட்டது, கெட்டதென்னவோ கெட்டது.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. அளக்கத் தெரிந்தாலும் எதை எதோடு ஒப்பிடுவது என்று சொல்லும் வயரிங் வரைபடமும் கோடு விளக்கமும் வெளி மெக்கானிக்குக் கிடைப்பது கடினம். கார்களைப் பொறுத்தவரை இதே குறைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு மறுப்பது சந்தை வலிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொன்னது. அது மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய துறைகளை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2024 தொடக்கத்திலிருந்து டிராக்டர் முதலிய விவசாய இயந்திரங்களுக்கு இந்த உரிமை சட்டமாகவே இருக்கிறது. கட்டுமான இயந்திரங்களுக்கும் அதே நியாயம் பொருந்தும். பாதுகாப்பைக் காரணம் காட்டித் தகவலை மறைப்பது ஏற்கத்தக்கதல்ல. வெளி ஆள் சாஃப்ட்வேரை மாற்றுவது ஆபத்து என்பது சரி. வயரின் நிறத்தையும் பின்னின் எண்ணையும் தெரிந்துகொள்வதில் என்ன ஆபத்து? தெரியாமல் தோலைச் சீவிச் சோதிப்பதுதான் ஆபத்து. வாரன்டி காலத்தில் இருக்கும் இயந்திரத்தைத் தொடாமல் கம்பெனி ஆளை அழைப்பது மட்டும் எப்போதும் நல்லது.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவும் தேவையில்லை. டீசல் மெக்கானிக் படிப்பு நடத்தும் ஐ.டி.ஐ.களில் கேன் லைனின் 60 ஓம் சோதனையையும் எர்த் சோதனையையும் கைப்பயிற்சியாகவே சொல்லிக்கொடுக்கலாம். இரண்டு ரெசிஸ்டர், ஒரு முறுக்கு வயர், ஒரு மீட்டர் இருந்தால் வகுப்பு நடத்திவிடலாம். ஒரே ஆபரேட்டர் தெலுங்கு ஊரிலும் தமிழ் ஊரிலும் வேலை செய்யும் இந்த எல்லைப்புறத்தில், டிஸ்ப்ளேயில் வரும் கோடுகளுக்கு இரு மொழியிலும் ஒரு பக்கக் குறிப்பைக் கேபினிலேயே ஒட்டிக் கொடுப்பது தயாரிப்பாளர்களுக்குப் பெரிய செலவில்லை. உரிமையாளர் செய்ய வேண்டியது அதைவிட எளிது. பெட்டியை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், கம்பெனி ஆளாக இருந்தாலும் சரி, தெருமுனை மெக்கானிக்காக இருந்தாலும் சரி, ஐந்து எண்களைக் கேளுங்கள்: அணைத்த நிலையில் லைனின் ஓம் எவ்வளவு, சாவி போட்ட நிலையில் ஹை வயரிலும் லோ வயரிலும் வோல்ட் எவ்வளவு, ஓடும்போது அந்தப் பெட்டியின் எர்த்தில் இறக்கம் எவ்வளவு, ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி எவ்வளவு இறங்கியது. பில்லில் புதிய பெட்டியின் விலைக்கு மேலே இந்த ஐந்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. எழுத மறுப்பவர் அளக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.